கலரைச் சொல்லலாமா, மருமகனே?

கலரைச் சொல்லி ஒரு ஆளை அடையாளம் காட்டலாமா கூடாதான்னு பெங்களூர்லருந்து போன் போட்டுக் கேக்குறியே மருமகனே, மொதல்ல அது அடையாளமான்னு எனக்குச் சொல்லு. நம்ம திண்டுக்கல் காமராஜர் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பயல அனுப்பி, "கருப்பா மீசை வச்சு ஒருத்தர் நிப்பாரு, அவர்ட்ட சாவியக் குடு"ன்னு சொல்லிப் பாரு. நத்தம் பஸ்ஸுக்கு நிக்கிறவரு, வத்தலக்குண்டு பஸ்ஸுக்கு நிக்கிறவரு, கண்டக்டரு, டீ ஆத்துறவரு, பூரா ஆளும் கைய நீட்டுவாய்ங்க. பூட்டுக்குப் பேர் போன ஊருல பூட்ட ஒடைக்க வேண்டியதாப் போகும்.

பேர வச்சும் பிடிக்க முடியாது. நம்ம பக்கம் வெள்ளைச்சாமி வெங்காயக் காட்டுல வெந்து நிக்கிறான். கருப்பையா ஏசி ரூமுல கணக்கு எழுதுறான்.

'காணவில்லை' நோட்டீசைப் படிச்சிருக்கியா? உசரம், சட்டை, மச்சம் எல்லாம் ஆளுக்கு ஒண்ணா இருக்கும். நெறம்னு வந்தா மட்டும் பெரும்பாலும் மாநிறம். மாநிறங்கிறது பெரிய சத்திரம்யா, பாதித் தமிழ்நாடு அதுலதான் படுத்துக் கெடக்கு.

அப்ப கலரு எதுக்குத்தான் வாயில வருது? தரகர் வந்து திண்ணையில ஒக்காந்ததும் காதத் தீட்டிக்க. பையன் எப்படின்னு கேட்டா, "ஈபியில வேலை"ம்பாரு. அவன் நெறத்த ஒரு பய கேக்க மாட்டான். பொண்ணு எப்படின்னு கேட்டா, "எம்மெஸ்ஸி பிஎட்டு"ன்னுட்டு, வெத்தலைய ஓரத்துல ஒதுக்கிக் குரலைத் தாழ்த்தி, "நெறந்தான் கொஞ்சம் கம்மி"ம்பாரு. அந்தக் கம்மிய ஈடுகட்டுறது பொண்ணப் பெத்தவன்தான், பவுனா. அடையாளம் சொல்லலப்பா அவரு, வெல பேசுறாரு.

2020ல அமெரிக்காவுல ஜார்ஜ் ஃபிளாய்டுங்கிறவர போலீஸ்காரன் கழுத்துல முழங்கால வச்சுக் கொன்னான். உலகமே கொதிச்ச அந்தச் சூட்டுல, ஷாதி டாட் காம்காரன் நெறம் பாத்துப் பொண்ணு தேடுற வசதியத் தூக்குனான். 1975லருந்து வித்த ஃபேர் அண்ட் லவ்லி, க்ளோ அண்ட் லவ்லின்னு பேர மாத்திக்கிச்சு. நம்ம தரகருக்கு அந்த வசதியெல்லாம் எதுக்கு? அது அவரு நாக்குலயே இருக்கு.

நெறத்தச் சொன்னாலே குத்தம்னு நான் சொல்லல. பஸ் ஸ்டாண்டுக்குப் பேரா இருக்காரே அந்த மனுசன், அவரக் கருப்பு காந்தின்னு ஊரே கொண்டாடுச்சு. யாருக்கும் வலிக்கல. ஆனா அடுத்த வீடு கேரளாவுல, சாரதா முரளீதரன்னு ஒரு அம்மா, தலைமைச் செயலாளரா இருந்தாங்க. அவங்களுக்கு முன்னாடி அந்த நாற்காலியில இருந்தது அவங்க வீட்டுக்காரர் வேணு. அவரு நிர்வாகம் வெள்ளைன்னா இந்தம்மா நிர்வாகம் கருப்புன்னு எவனோ சொல்லியிருக்கான். 2025 மார்ச்சுல அந்தம்மா அத ஊரறிய எழுதிட்டாங்க. நாலு வயசுல அவங்க அம்மாகிட்ட, "என்னைத் திரும்ப வயித்துக்குள்ள வச்சு வெள்ளையா, அழகாப் பெத்துத் தருவியா"ன்னு கேட்டாங்களாம். அந்த வயசுல அதக் கேக்கணும்னா, சுத்தி இருந்த பெருசுக என்னத்தப் பேசியிருக்கும்னு பாத்துக்க. நானும் பெருசுதான், அதனாலதான் எனக்குத் தெரியும்.

அதனால டாக்டர்கிட்டப் போனா கலரைச் சொல்லு, காமாலையான்னு பாப்பாரு. சின்னாளபட்டியில சேலை எடுத்தா சொல்லு. ஆளைப் பத்தின்னா, அந்த ஆளு பின்னாடியே நிக்கிறதா நெனச்சுக்கிட்டுச் சொல்லு.

இன்னொண்ணு. உனக்குப் பொண்ணு பாக்குற தரகர்ட்ட உங்கம்மா, "நல்ல நெறமாப் பாருங்கண்ணே"ன்னு மூணு தடவை சொன்னத இந்தக் காதால கேட்டேன். நீ எங்கிட்டக் கேட்ட கேள்விய அவகிட்டக் கேளு. என்னையக் கூப்பிடாத. தங்கச்சி வீட்டுலதான் எனக்கு ஞாயித்துக்கெழமை கறிச்சோறு.