ஜம்போ ரசிகர்

அமெரிக்காவில் ஓரளவு பெரிய கிதார் கடை எதிலும் உள்ளே ஒரு கண்ணாடி அறை இருக்கும். விலை கூடின அக்கூஸ்டிக் கிதார்களுக்கு அங்கேதான் வாசம். குளிர்காலத்தில் ஹீட்டர் காற்றுப்பட்டு மரம் வெடித்துவிடக் கூடாது என்பதற்காக, அறையின் ஈரப்பதத்தை 45, 50 சதவீதத்தில் நிறுத்தி வைத்திருப்பார்கள். இந்தப் பதத்தில் கெடாமல் இருக்கும் இன்னொரு உருப்படி, ஜம்போ ரசிகர்.

ஆள் அறுபதைத் தாண்டியவர். பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 5000 டாலருக்கு மேல் விலை சொல்லும் கிப்ஸன் எஸ்.ஜே.-200 கிதாரை நின்ற இடத்திலேயே வாங்கிவிடக்கூடிய வசதி உண்டு. வாங்க மாட்டார். வாங்கிவிட்டால் அப்புறம் அபிப்பிராயம் சொல்ல என்ன மிச்சம் இருக்கிறது?

ஜம்போ என்றும் ஜே-200 என்றும் சொல்கிற அந்தக் கிதாரைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. அடிவயிறு 17 அங்குல அகலம். இடுப்பு மட்டும் சிறுத்து உள்ளே போகும். தந்திகள் வந்து முடியும் பிரிட்ஜ் இரண்டு பக்கமும் வளைந்து, முறுக்கிவிட்ட மீசையாகவே இருக்கும். அதற்குப் பெயரும் மீசை பிரிட்ஜ்தான். பக்கத்தில் பிக்கார்டு முழுக்கப் பூவும் கொடியும். கழுத்து நெடுகச் சிப்பியில் இழைத்த கிரீடங்கள். திருகாணிகளுக்குத் தங்க முலாம். இவ்வளவு ஜோடனைக்கும் காரணம் இருக்கிறது. 1937-இல் ரே விட்லி என்ற சினிமா கவ்பாய் பாடகருக்காகச் செய்த கிதார் இது. குதிரையும் தொப்பியுமாகத் திரையில் வருகிறவர் கையில் சாதுவான பெட்டியைக் கொடுக்க முடியுமா? கொட்டகையின் கடைசி பெஞ்சுக்கும் தெரிய வேண்டாமா?

நம் ரசிகர் எட்டடி தள்ளி நின்று, கையைக் கட்டிக்கொண்டு, ஒருக்களித்துப் பார்ப்பார். “ரொம்ப ஜோடனை. மரத்துக்கு எதுக்கு நகை?” என்பார். இதைச் சொல்லும்போது அவர் இடுப்பில் சாஸர் அகலத்துக்கு ஒரு வெள்ளி பக்கிள் மின்னும். காலில் பூ வேலை செய்த பூட்ஸ். நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்தவர், மாட்டைப் பாலாகத்தான் பார்த்திருக்கிறார். சரி, ஜோடனை வேண்டாமாக்கும் என்று கடைப்பையன் பூ, கிரீடம் எதுவுமில்லாத வேறொரு ஜம்போவை எடுத்து நீட்டினால், “என்ன தம்பி, மொட்டையா இருக்கு!” என்று முகம் சுளிப்பார். எல்விஸ் பிரெஸ்லி தன் ஜே-200-இன் கழுத்தில் தன் பெயரையே பதித்துக்கொண்டாரே என்று கேட்டுப் பாருங்கள். “அது எல்விஸ்” என்று பேச்சை முடித்துவிடுவார்.

அடுத்தது உடல் பரிசோதனை. பக்கிள் உரசிவிடுமென்று சட்டையை வெளியே இழுத்துவிட்டுக்கொண்டு உட்காருவார். கிதாரை மடியில் ஏற்றியதும் முகவாய்க்குக் கீழே ஆள் காணாமல் போய்விடுவார். வலது கை அந்தப் பெரிய வளைவின் மேல் ஏறி இறங்கி ஒருவழியாகத் தந்தியை எட்டும். ஒலித்துளைக்குள் மூக்கை வைத்து நன்றாக ஒரு தடவை முகர்வார். லாக்கர் வாசனையில் வனிலா கலந்திருந்தால் நல்ல ஆண்டாம். சட்டைப் பையிலிருந்து பென் டார்ச்சும் பல் டாக்டர் கண்ணாடியும் வரும். உள்ளே குறுக்குக் கட்டைகளை எங்கெங்கே ஒட்டியிருக்கிறார்கள், பசை வழிந்திருக்கிறதா என்று பார்ப்பார். கடைவாய்ப் பல் பார்த்த பழக்கம் போகுமா?

இத்தனைக்கும் பிறகுதான் வாசிப்பு. வாசிப்பு என்றால் ஜி கார்டு. ஒரே ஒரு தடவை, மேலிருந்து கீழே. கண்ணை மூடிக்கொண்டு, ஒலி அடங்கும்வரை மூச்சு விடாமல் இருந்து, “டிரை” என்பார். போன வாரம் இதே கிதாரை “பூமி” (boomy) என்றவர். அதாவது அடித்தொனி தாங்க முடியாமல் குமுறுகிறதாம். நடுவில் யாரும் தந்திகூட மாற்றவில்லை. “இன்னும் வாய் திறக்கல தம்பி. இருபது வருஷம் வாசிச்சாத் திறக்கும்” என்று இரண்டு தீர்ப்புக்கும் சேர்த்து ஒரு முத்திரை வைப்பார். புதுக் கிதார்கள் எல்லாவற்றுக்கும் இதே இருபது வருஷ ஜாதகம்தான்.

அவரிடமும் ஒரு ஜே-200 இருந்து, கஷ்ட காலத்தில் விற்றுவிட்டாராம். நான் முதலில் கேள்விப்பட்டபோது அது 1964 மாடல். பிறகு 1958 ஆயிற்று. இப்போது 1952. பின்னோக்கிப் போகப் போக அதன் நாதமும் வளர்ந்துகொண்டே வருகிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு இந்தக் கிதாருக்கு முதுகுப் பலகை ரோஸ்வுட். போருக்குப் பிறகுதான் மேப்பிள் வந்தது. இன்னும் சில வருஷம் போனால் இவருடையது ரோஸ்வுட்டாகவே மாறிவிடும் என்று கடையில் பேச்சு.

ரோஸ்வுட் என்றால் அவருக்கு பிரேசில் ரோஸ்வுட் ஒன்றுதான் ஜாதி மரம். 1992-லிருந்து உலக வர்த்தகத்தில் அதற்குக் கடுமையான தடை. இப்போது அதன் இடத்தில் இருப்பது நம் நீலகிரியிலும் வயநாட்டிலும் வளரும் ஈட்டி. அதைப் பற்றிப் பேச்சு வந்தால் “ஈஸ்ட் இண்டியனா...” என்று இழுப்பார், வாடகைக்கு வந்தவரை வீட்டுக்காரர் பார்க்கிற பார்வை. எனக்குச் சுருக்கென்று இருக்கும். தமிழ்நாட்டில் அந்த மரத்தைக் காப்பாற்ற 1994-இல் தனிச் சட்டமே போட்டார்கள் ஐயா!

“ஜம்போ ஸ்ட்ரம் பண்ணத்தான். இதை விரலால மீட்ட முடியாது” என்பது இன்னொரு தீர்ப்பு. பாடுகிறவருக்குத் துணையாகத் தாளம் பிடிக்க மேப்பிள் ஜம்போ பிரமாதம் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. சட்டென்று பேசி சட்டென்று அடங்கிவிடும், பாட்டை மிதிக்காது. ஆனால் ப்ளூஸ் கிதார்க் கலைஞர் ரெவரெண்ட் கேரி டேவிஸ் வாசித்ததும் ஜே-200-தான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும். அந்த இரண்டு விரலில் மூன்று பேர் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி கேட்கும். அவருக்குப் பார்வை கிடையாது. மீசை, பூ, கிரீடம் ஒன்றையும் கண்டவரில்லை.

மர ஜாதி விஷயத்தில் இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆட்கள் ஒரு காரியம் செய்தார்கள். முதுகும் பக்கமும் மட்டும் வேறு வேறு மரமாக, மற்றபடி ஒன்று போலவே ஆறு கிதார்களைச் செய்யச் சொன்னார்கள். பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மேப்பிள், மஹாகனி, வால்நட், சபேலி. 52 கிதார் கலைஞர்களை மங்கிய வெளிச்சத்தில் உட்காரவைத்து, வெல்டிங் கண்ணாடி மாட்டிவிட்டு, வாசித்து மார்க் போடச் சொன்னார்கள். ஆறு கிதாருக்கும் ஏறக்குறைய ஒரே மார்க். முடிவு 2018-இல் வெளிவந்தது. கடைப்பையன் இதை ரசிகரிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னான்.

ரசிகர் அசரவில்லை. “புதுக் கிதாரா?”

“ஆமா சார், புதுசுதான்.”

“அதான் சொல்றேன். இன்னும் வாய் திறந்திருக்காது. இருபது வருஷம் கழிச்சு மாட்டச் சொல்லு அந்தக் கண்ணாடிய.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “அந்த அம்பத்திரண்டு பேர்ல நானும் இல்லையே!” என்றார்.

பிறகு மடியிலிருந்த சன்பர்ஸ்ட் ஜம்போவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த வெளிர்நிற நேச்சுரலை இறக்கச் சொன்னார். இரண்டும் ஒரே மாடல், ஒரே மரம்; மேலே அடித்த சாயம்தான் வேறு. ஒரு ஜி கார்டு. கண்ணை மூடித் தலையாட்டினார்.

“பார்த்தியா தம்பி? அது கொஞ்சம் இருட்டாப் பேசிச்சு. இது பளிச்சுனு இருக்கு.”