பாட்டிலுக்குப் பத்து ரூவா, பையனுக்கு?

வாங்க மாப்ளே, நன்கொடை புக்கோட வந்திருக்கீங்க. பிளாக் பிரிட்ஜ் பக்கம் கேமரா வைக்கப் போறீங்களாமே? பேஷ்! சாயங்காலமானா சுவத்து மேல உக்காந்து, ஸ்கூல் பைக்குள்ள பீடிக்கட்டை ஒளிச்சு வெச்சிருக்கானே ஒம்பதாங்கிளாஸ் பய, இனி அவன் தெளிவாத் தெரிவான். நாளைக்கு அவன் கடைப்பூட்டை உடைச்சா அதுவும் தெளிவாத் தெரியும்.

14 வயசுல அவனுக்குச் செலவு பண்றது வீண்தானுங்க. இளைஞர் நீதிக் குழுமம், கூர்நோக்கு இல்லம்னு போயிட்டா கவர்மெண்டே பாத்துக்கும். நமக்கு மிச்சம்.

2022லருந்து நம்ம நீலகிரியில காலி டாஸ்மாக் பாட்டிலைத் திருப்பிக் குடுத்தா 10 ரூவா. காட்டுல உடைஞ்சு யானை கால்ல குத்தக்கூடாதுன்னு ஐகோர்ட்டே கவலைப்பட்டுச்சு. உடையறதுக்கு முன்னயே வாங்கி வெச்சுக்கணும்ங்கிற புத்தி பாட்டில் விசயத்துல வந்திருச்சு. அதைக் காலி பண்ணினவர் வீட்டுப் பையன் விசயத்துல எப்ப வரும்?

ராணுவ ஸ்டாஃப் காலேஜ்ல மேஜருங்களுக்குச் சண்டை வர்றதுக்கு முன்னயே திட்டம் போடச் சொல்லித் தர்றாங்க. அந்தப் படிப்பு காம்பவுண்டைத் தாண்டி நம்ம தெருவுக்கு வரலை. அக்னிவீரா சேரப் பதினேழரை வயசாகணும். அதுவரைக்கும் இவனை யாரு பாக்கறது? ஆத்தாக்காரி விடிஞ்சா கொழுந்தெடுக்கப் போயிடறா.

மத்திய அரசோட மிஷன் வாத்சல்யா திட்டத்துல தகுதியான புள்ளைக்கு மாசம் 4,000 ரூவா உண்டு. ஆபத்துன்னா குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் போடலாம். ஆனா அஞ்சு மணிக்குப் பந்தோட வந்து நிக்கற அண்ணனை டெல்லி அனுப்பாது. மூணு நாளா எந்தப் பய வரலைன்னு கவனிச்சு, வீடு தேடிப் போய்க் கதவைத் தட்டறது நம்ம தெரு ஆளுதான். அந்த வேலைக்கு டீக்கடையில குந்தியிருக்கற ரிட்டயர்டு ஹவில்தாரைப் போடுங்க. சம்பளம் குடுத்துப் போடுங்க. சேவைன்னு சும்மா வர்றவரு ரெண்டு மழைக்குத் தாங்க மாட்டாரு.

ஒரே ஒரு குறை மாப்ளே. இதுல ரிப்பன் வெட்ட முடியாது. திருடாத பையனைப் போட்டோ புடிச்சுப் பேப்பர்லயும் போட முடியாது. உங்க கஷ்டம் எனக்குப் புரியுது.

சரி, கேமராவுக்கு என் பேர்ல 100 எழுதிக்கங்க. பந்துக்கும் ஹவில்தாருக்கும் 500. புக்குல அப்படியொரு பக்கமே இல்லீங்களா? அதனால என்ன, கோடு போட்டுக்கலாம். பேரன் ஸ்கேல் உள்ளேதான் இருக்குது, எடுத்துட்டு வர்றேன்.