ஒரிஜினலும் நான்கு ஜெராக்ஸும்

அரசாங்கம் திருநங்கைகளாகிய எங்களைக் கண்டுபிடித்தது எய்ட்ஸ் வழியாகத்தான். அதற்கு முன்பும் சென்னையில் இருந்தோம். சென்ட்ரல் பக்கம் கடை கேட்டோம், அதாவது கடை கடையாகக் கை தட்டிக் காசு கேட்டோம், சூளைமேட்டில் இரட்டை வாடகை கொடுத்துக் குடியிருந்தோம். ஆனால் தொண்ணூறுகளில் ஆணுறைப் பெட்டிகளோடு ஒரு ஜீப் வந்து நின்றபோதுதான் எங்களுக்கு அதிகாரபூர்வமான பிறப்பு நடந்தது.

எனக்குக் களப்பணியாளர் வேலை கொடுத்தார்கள். பொழுது சாய்ந்ததும் பை நிறைய ஆணுறையோடு மெரினாவுக்குப் போவேன். யாருக்கு எத்தனை கொடுத்தேன் என்று நோட்டில் எழுத வேண்டும். வாங்கியவள் சாப்பிட்டாளா என்று எழுத அந்த நோட்டில் கட்டம் கிடையாது. சுகாதாரத் துறை நிரப்பி அனுப்பிய பையைக் காவல் துறை பிடுங்கி, மணலில் கொட்டி, "இது எதுக்குடி உனக்கு?" என்று கேட்கும். ஒரு துறையின் நலத்திட்டம் இன்னொரு துறைக்குத் தடயம். இரண்டு துறைக்கும் சம்பளம் ஒரே கஜானாவிலிருந்துதான்.

எங்களுக்கென்றே நேர்ந்துவிட்டதுபோல் ஒரு சட்டப்பிரிவும் இருந்தது. 1888-ஆம் வருடத்து மாநகரக் காவல் சட்டம், பிரிவு 75. பொது இடத்தில் குடித்துவிட்டு ரகளை செய்வது, ஆபாசமாக நடந்துகொள்வது. நாங்கள் சும்மா நடந்தாலே அதில் அடங்கும். வெள்ளைக்காரன் கப்பலேறிவிட்டான், எழுபத்தைந்தை எங்களிடம் விட்டுவிட்டுப் போனான். ஸ்டேஷனில் ஆண்கள் பக்கம் உட்காரவைப்பதா, பெண்கள் பக்கமா என்று ஏட்டய்யாவுக்குக் குழப்பம் வந்துவிடும். குழப்பம் தீரும்வரை ஸ்டேஷனைப் பெருக்கச் சொல்வார். பல ஸ்டேஷன்கள் அன்று சுத்தமாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் யார் என்பதற்கு அந்தக் காலத்தில் எந்த அத்தாட்சியும் தேவைப்படவில்லை. டீக்கடைக்காரர் முதல் மாஜிஸ்திரேட் வரை தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள். பள்ளிக்கூடப் பையன்கள்கூடப் பிசகில்லாமல் சொல்வார்கள். இன்றைக்கு அதே நான் கவுன்டரில் போய் நின்றால், "திருநங்கைதான்னு சர்டிபிகேட் இருக்காம்மா?" என்று கேட்கிறார்கள். "அம்மா" போட்டுத்தான் கேட்கிறார்கள். குறை சொல்ல முடியாது.

2008 ஏப்ரல் 15 அன்று தமிழ்நாட்டில் அரவாணிகள் நலவாரியம் வந்தது, அன்று எங்களுக்கு அந்தப் பெயர். இந்தியாவிலேயே முதலாவது. மனமிரங்கிக் கொடுத்த கொடை என்று மேடைகளில் இதைச் சொல்கிறார்கள். அதற்குமுன் எத்தனை ஆபீஸ் வாசலில் எத்தனை பேர் காத்துக் கிடந்தார்கள் என்பதை மேடையில் சொல்ல நேரம் இருக்காது, சால்வைகள் நிறைய. வாக்குரிமை கேட்டு உயர் நீதிமன்றம் போன பிரியா பாபு, எங்கள் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்து நூலாக்கிய ரேவதி, தன் வாழ்க்கையைத் தானே எழுதி அச்சில் கொண்டுவந்த வித்யா, பெயர் எங்கும் வராத, ஜமாத் என்னும் எங்கள் சமூக அமைப்பின் பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து தட்டித் தட்டித்தான் அந்தக் கதவு திறந்தது.

ரேஷன் கார்டு தரப்போகிறார்கள் என்று நான் போய்ச் சொன்னபோது ஜமாத்தில் எனக்குத் தாயாக இருந்த என் குரு நம்பவில்லை. "அது குடும்பத்துக்குக் குடுக்கிறதுடி. நமக்கு ஏது?" என்றாள். ஏழு மகள்களுக்கு ஒரே அடுப்பில் பொங்கிப் போட்டுக்கொண்டே கேட்ட கேள்வி அது. விண்ணப்பத்தோடு போனால், பிறந்த வீட்டுக் கார்டிலிருந்து பெயர் நீக்கியதற்குச் சான்று வேண்டும் என்றார்கள். பிறந்த வீட்டில் எங்களை நீக்கிப் பல வருடம் ஆகியிருந்தது, சான்று கொடுக்கத்தான் விட்டுப்போயிருந்தது. ஒருத்தி துணிந்து ஊருக்குப் போனாள். இருபது வருடம் அவள் முகத்தில் விழிக்காத அண்ணன், கார்டிலிருந்து மட்டும் அவளை எடுத்திருக்கவில்லை. அவள் பங்குச் சர்க்கரையை மாதம் தவறாமல் வாங்கியிருக்கிறார்.

பிறகு ஓய்வூதியம். ஆதரவற்ற, 40 வயது கடந்த திருநங்கைகளுக்கு மாதம் 1000 ரூபாய் என்று 2012-இல் தொடங்கி, பின்னால் 1500 ஆனது. வயதைக் கூட்டிச் சொல்ல வேண்டிய சங்கடம் எங்களுக்கு அப்போதுதான் முதன்முதலாக வந்தது. நேற்றுவரை இருபத்தெட்டு என்று சாதித்தவர்கள் வரிசையில் நின்று, நாற்பத்தொன்று என்று நெஞ்சில் அடித்துச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் கேலி தாங்காமல் ஓடி வந்தவளிடம் வயதுக்குச் சான்றாகப் பள்ளிச் சான்றிதழ் கேட்டார்கள் என்பது தனிக்கதை.

2014-இல் அதே ஏப்ரல் 15 அன்று தேசிய சட்டப்பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நான் யார் என்பதை நான்தான் சொல்ல வேண்டும், அதற்கு அறுவை சிகிச்சை நிபந்தனையல்ல என்றது. அன்று இரவு எங்கள் வீட்டில் பிரியாணி. அடுத்து 2016-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த மசோதா, நீ சொல்வது சரிதானா என்று பார்த்துச் சொல்ல மாவட்டந்தோறும் ஒரு குழு போடுவதாகச் சொன்னது, மருத்துவ அதிகாரி உட்பட. பெண் பார்க்க வருகிறார்கள் என்று கேலி பேசிக்கொண்டே தெருவில் இறங்கினோம். நாடு முழுக்கக் கத்தியபின் குழு போயிற்று. 2019-இல் சட்டமானபோது கலெக்டர் மட்டும் மிஞ்சினார். 'திருநர்' என்பதற்கு அவர் ஒரு சான்றிதழ் தருவார் என்றது அந்தச் சட்டம். ஆண் அல்லது பெண் என்று மாற்றிக்கொள்ள வேண்டுமானால், அறுவை சிகிச்சைச் சான்றோடு மறுபடியும் அவரிடமே போக வேண்டும் என்றும் சொன்னது. பேத்தி வயதுப் பெண்கள் ஆன்லைனில் விண்ணப்பித்துவிடுகிறார்கள், நான் ஓடிபி வந்ததா என்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தச் சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சிரித்துக்கொண்டு சொல்ல எனக்கு வராது. எங்களில் ஒருத்திமீது பாலியல் வன்முறை செய்தவனுக்கு அதில் தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு வருடம். ஒரு பெண்ணை வல்லுறவு செய்தால் குறைந்தபட்சமே பத்து வருடம்.

போலீஸும் மாறிவிட்டது. காவல் துறை வேலைக்கான விண்ணப்பத்தில் ஆண், பெண் தவிர வேறு கட்டமே இல்லாதபோது திருநங்கை பிரித்திகா யாஷினி வழக்குப் போட்டு, 2015-இல் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்து, 2017-இல் உதவி ஆய்வாளராகப் பணியில் சேர்ந்தார். என் மகள் ஒருத்தியும் இப்போது காவலர் தேர்வுக்குப் படிக்கிறாள், விடிகாலையில் ஓடிப் பழகுகிறாள். இதே கடற்கரையில் அதே ஓட்டத்தை நாங்கள் போலீஸ் முன்னிலையிலேயே ஓடி முடித்தவர்கள். மதிப்பெண்தான் போடவில்லை.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021-இலிருந்து பெண்களுக்கும் எங்களுக்கும் டிக்கெட் இலவசம். ஆனாலும் ஒரு கண்டக்டர் நான் இதா அதா என்று கோயம்பேடு வரும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எதுவானாலும் காசு கிடையாது. தெரிந்துகொள்ளும் ஆசைக்கு அரசாணை இல்லை.

வீட்டு வாடகை விஷயத்தில் 'அன்று' என்றும் 'இன்று' என்றும் பிரித்து எழுத எதுவும் இல்லை. விட்டுவிடுகிறேன்.

இப்போது எங்கள் சண்டை இடஒதுக்கீட்டுக்கு. 2015-இல் எங்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தார்கள். வீட்டை விட்டு ஓடி வந்தால் சாதியையும் விட்டு வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்கள் போல. தலித் திருநங்கை ஒருத்திக்குச் சேரியும் சேர்ந்தேதான் வருகிறது. அவள் எதை விட்டுக்கொடுத்து எதில் போய் நிற்பாள்? எல்லாப் பிரிவுக்குள்ளும் எங்களுக்கு ஒரு பங்கு, அதாவது கிடைமட்ட இடஒதுக்கீடு வேண்டும் என்று கிரேஸ் பானு வருடக்கணக்காகப் போராடுகிறார். கர்நாடகம் 2021-இல் ஒரு சதவீதம் கொடுத்துவிட்டது. முதல் வாரியம் கண்ட மாநிலம் இன்னும் கோப்பைப் புரட்டிக்கொண்டிருக்கிறது.

ஆகவே திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில் மனு. ஒரிஜினலும் நான்கு ஜெராக்ஸும். அந்தக் காலத்தில் நாங்கள் கடை கேட்டு வந்தால் தூரத்திலேயே எட்டணாவை நீட்டி விரட்டிய மளிகைக்காரரின் பையன்தான் இன்று எங்கள் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். "வாங்கக்கா, உக்காருங்கக்கா" என்று ஸ்டூல் போடுவான். அப்பா கொடுத்த எட்டணாக்களை அவன் எப்போதோ வட்டியோடு வசூலித்துவிட்டான். போன வாரம் கலர் காப்பி ஒன்றுக்கு இருபது ரூபாய் என்றான்.

"கை தட்டவா?" என்றேன்.

"பத்து போதும்க்கா" என்றான்.