பரஸ்தானம் வச்ச பெட்டி

வாடா பேராண்டி, திண்ணையில உட்காரு. வெள்ளிக்கிழமை மத்தியானம் சிங்கப்பூர் ப்ளைட்டாமே? டிக்கெட் வந்த சேதி உனக்குத் தெரியறதுக்கு முன்னாடியே குரும்பலூர் டீக்கடைக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்கப்பன் வேன் பேசிட்டான். பதினாலு பேர் உட்கார்ற வேன், இருபத்திரண்டு பேர் வர்றாங்க. போறது என்னமோ நீ ஒருத்தன்தான்.

நான் ஏர்போர்ட்டைப் பார்த்தது ரெண்டே தடவை. உங்க அத்தை வீட்டுக்குப் போக ஒண்ணு, அங்க இருப்புக் கொள்ளாம திரும்பி வர ஒண்ணு. அதனால என்ன, நம்ம ஊர்ல புத்தி சொல்றதுக்கு அனுபவம் வேணும்னு யார் கேட்டா?

வெள்ளிக்கிழமை ராகு காலம் 10:30 மணியிலேர்ந்து 12 மணி வரைக்கும். அதுக்கு முன்னாடியே கிளம்பணும்னு உங்க அப்பாயி சொல்லிட்டா. நல்லதுதான், ஏன்னா வெளிநாட்டு ப்ளைட்டுன்னா மூணு மணி நேரம் முன்னாடி அங்க நிக்கணும். கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கறப்பவே பெட்டி போடற கவுண்டரை மூடிடுவான். அவன்கிட்ட போய், "வழியில சிறுவாச்சூர்ல நிறுத்தினோம் சார், மதுரகாளி திங்களும் வெள்ளியும் மட்டும்தான் நடை திறப்பா, விட முடியுமா?"ன்னு நியாயம் பேசினா எடுபடாது. சிறுவாச்சூர்ல இறங்கினா சமயபுரத்துலயும் இறங்கணும்பாங்க, சமயபுரத்துல இறங்கினா புளிசாதக் கூடையைப் பிரிப்பாங்க. நீ விடியக்காத்தாலயே கிளம்பற மாதிரி நேரத்தைப் பொய்யாச் சொல்லி வை. பொய்தான், ஆனா ஆத்தா கோவிச்சுக்க மாட்டா.

அப்புறம் இந்தப் பரஸ்தானம். நல்ல நேரம் பார்த்து உன் பெட்டியை முந்தின நாளே எதிர்வீட்டுல கொண்டுபோய் வைக்கறதா உங்கம்மா சொன்னா. பழைய வழக்கம், நான் குறுக்கே நிக்கல. ஆனா ஏர்போர்ட்டுல ஒருத்தி கேப்பா: "இந்தப் பெட்டியை நீங்களே அடுக்கினீங்களா? வேற யாராச்சும் எதையாவது கொடுத்தாங்களா?" நீ தலையை ஆட்டுவே. ராத்திரி முழுக்க எதிர்வீட்டுல கிடந்த பெட்டிக்குள்ள, அங்க இருக்கற ஆயா பாசத்துல என்னத்த சொருகி வச்சிருக்குமோ உனக்குத் தெரியுமா? கசகசா கால் கிலோ வச்சிருக்கும். நமக்கு அது குருமாச் சாமான். சிங்கப்பூர்லயும் துபாய்லயும் அது அபின் செடியோட விதை, தடை பண்ணின சரக்கு. பெட்டியைப் பரஸ்தானம் வை, வேணாங்கல. சாவியை மட்டும் உன் அரைஞாண்ல கட்டிக்க.

அரைஞாண்னதும் ஞாபகம் வருது. வெள்ளி அரைஞாணோட நான் அந்தக் கதவு மாதிரி இருக்கற சட்டத்துக்குள்ள நுழைஞ்சேன், கூவுச்சு பாரு. பெல்ட்டைக் கழட்டினேன், கூவுச்சு. சில்லறையைக் கொட்டினேன், கூவுச்சு. கடைசியில சிஐஎஸ்எப் பையன் ஓரமாக் கூட்டிட்டுப் போய் மிஷினால தடவிப் பார்த்துச் சிரிச்சான். நானும் சிரிச்சேன், வேட்டியைப் பிடிச்சுக்கிட்டு. நீ வீட்டுலயே கழட்டி அப்பாயிகிட்ட கொடுத்துடு. சாவியை எங்க கட்டறதுன்னு கேக்காதே, ப்ளைட்டு ஏறப் போறவனுக்கு அந்தளவாச்சும் மூளை வேணும்.

உங்கம்மா ஊறுகா ஜாடியைக் கையில கொண்டு போகச் சொல்வா, வழியில தொட்டுக்கறதுக்கு. கைப்பையில தண்ணி, எண்ணெய், குழம்பு எதுவானாலும் 100 மில்லிக்கு மேல போகக் கூடாது. நெய்க்கும் அதே அளவுதான். மிளகா ஊறுகா சுத்தமா ஆகாது. கொப்பரைத் தேங்காய் கைப்பையிலயும் ஆகாது, பெரிய பெட்டியிலயும் ஆகாது. எண்ணெய் கசியற பொருள், தீப்பிடிக்குமாம். பவர்பேங்க் இதுக்கு நேர் எதிர். அது கைப்பையிலதான் இருக்கணும், அடியில போற பெட்டியில போட்டே, பெட்டியைத் திறக்கச் சொல்லி உன் பேரை மைக்ல கூப்பிடுவாங்க. குரும்பலூர்க்காரன் பேர் ஏர்போர்ட் முழுக்க ஒலிக்கும். அந்தப் பெருமை நமக்கு வேணாம்.

திருச்சி புது டெர்மினலைப் பார்த்தா சீரங்கத்துக்கு வந்துட்டமோன்னு இருக்கும். கோபுரமும் சித்திரமுமா கட்டி வச்சிருக்காங்க. 2024 ஜனவரியில பிரதமர் வந்து திறந்தாரு, ஜூன் 11ஆம் தேதியிலேர்ந்து ப்ளைட்டு அதுல ஓடுது. கோபுரத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழட்டிடாதே. கோயில் மாதிரிதான் ஒவ்வொரு வாசலா உள்ள விடுவாங்க, ஆனா அர்ச்சனைத் தட்டு கிடையாது. முதல் வாசல்ல டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும். இருபத்திரண்டு பேரும் அங்கேயே நின்னு அழ வேண்டியதுதான், உள்ள விட மாட்டாங்க. அடுத்தது பெட்டியைப் போட்டு போர்டிங் பாஸ் வாங்கற இடம். அப்புறம் இமிகிரேஷன், அப்புறம் சோதனை. சாத்தனூர்ல கல்மரம் கிடக்குது பாரு, பன்னண்டு கோடி வருஷமா? அந்த வரிசையில நின்னா அதோட சங்கடம் உனக்குப் புரியும்.

இமிகிரேஷன்ல இருக்கறவர் "எங்க போறே, எதுக்கு?"ன்னு ரெண்டு கேள்வி கேப்பார். "சிங்கப்பூர், வேலைக்கு." முடிஞ்சுது. ரெண்டே வார்த்தை. நம்மாளுகளுக்குத்தான் அது வராதே! "எங்க சித்தப்பா மவன் அங்க இருக்கான் சார், அவன் கம்பெனியில சொல்லி..."ன்னு ஆரம்பிச்சா, அவருக்கு வேலை இல்லாட்டியும் சந்தேகம் வந்துடும். ஏஜெண்டு எவனாச்சும் "டூரிஸ்ட் விசாவுல போ, சுத்திப் பார்க்கப் போறேன்னு சொல்லு, போய் மாத்திக்கலாம்"னா அந்த ஆளை முதல்ல சுத்திப் பார்த்துட்டு வரச் சொல்லு. கையில ஐபிஏங்கற வேலை முன் அனுமதிப் பேப்பர் இருக்கணும், அது நிஜமான்னு அந்த ஊர் மனிதவள அமைச்சோட வலைப்பக்கத்துலயே பார்த்துக்கலாம். பத்தாவது பாஸ் ஆகாதவன் குவைத்துக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போனா, அவன் பாஸ்போர்ட்டு ஈசிஆர் வகை, எமிகிரேஷன் கிளியரன்ஸ்னு தனியா அனுமதி வாங்கணும். அப்படி 18 நாடு இருக்கு, சிங்கப்பூர் அதுல இல்ல. நீதான் மூணாவது தடவையில பத்தாவது தேறிட்டியே, உனக்கு எந்த நாட்டுக்கும் அந்தக் கவலை இல்ல.

இன்னொண்ணு. போய் இறங்கறதுக்கு முன்னாடி, இறங்கற நாளையும் சேர்த்து மூணு நாளுக்குள்ள, செல்போன்லயே சிங்கப்பூர் வருகை அட்டை போடணும். அதுக்குக் காலணா கிடையாது. ஐநூறு கொடு, ஆயிரம் கொடுன்னு எவனாச்சும் கேட்டா அது அரசாங்கம் இல்ல, அவன் குடும்பம்.

எங்க பெரியப்பா நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறிப் போனாரு. 1926லேர்ந்து 1973 வரைக்கும் மெட்ராசுக்கும் சிங்கப்பூருக்கும் ஓடின கப்பல் அது. வழி பூரா வாந்தி எடுத்துக்கிட்டே போனவரு, இறங்கறதுக்குள்ள கப்பல்ல பாதிப் பேரை மாமன் மச்சான்னு உறவு கொண்டாடிட்டாராம். நீ போறது நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. பக்கத்து சீட்டுக்காரன் பேரைக் கேக்கறதுக்குள்ள இறங்கிடுவே. கடிகாரத்தை ரெண்டரை மணி நேரம் முன்னால தள்ளி வச்சுக்க.

சாங்கி ஏர்போர்ட்டுல இறங்கினா கண்ணாடிக் கூரைக்குள்ள 40 மீட்டர் உசரத்துலேர்ந்து தண்ணி விழற அருவி ஒண்ணு இருக்கு. 2019ல திறந்தது. அதுக்கு முன்னாடி நின்னு படம் எடுக்கறேன்னு போயிடாதே, உன்னைக் கூட்டிட்டுப் போக வந்த கம்பெனி வண்டிக்காரன் ஐயனார் மாதிரி நின்னுக்கிட்டே இருப்பான். வெத்தலை போடறவன்தானே நீ? பொயிலை ஒரு துணுக்குகூட மடியில இருக்கக் கூடாது. சூயிங்கம்மும் அப்படித்தான், 1992லேர்ந்து உள்ள கொண்டு வர விடறதில்ல. சிகரெட்டு ஒண்ணு வச்சிருந்தாலும் வரி கட்டணும்.

சிரிச்சது போதும், இதைக் கவனமாக் கேளு. போறப்பவோ வர்றப்பவோ எவனாச்சும் பொட்டலம் கொடுத்து, "மாப்ள, வெளியில நம்மாளு வாங்கிக்குவான்"னா, உன் கை ரெண்டும் சுளுக்கிக்கிச்சுன்னு சொல்லு. ஹெராயின் 15 கிராமுக்கு மேல, கஞ்சா 500 கிராமுக்கு மேல கடத்தினா அந்த ஊர்ல தூக்கு. எனக்குத் தெரியாது, பக்கத்து ஊர்க்காரன் கொடுத்தான்னு அழுதுக்கிட்டு நின்னா ஆச்சா? திரும்பி வர்றப்ப தங்கம். சங்கிலியைப் போட்டுட்டு வா, டிக்கெட் காசு தர்றேம்பான். அதுக்குப் பேர்தான் குருவி. திருச்சி பக்கத்துப் பேப்பரைப் பிரிச்சா வாரத்துக்கு ஒரு குருவி மாட்டியிருக்கும், தங்கத்தைப் பசையாக்கி, சொல்லக் கூசற இடத்துல வச்சுக்கிட்டு. ஒரு வருஷத்துக்கு மேல அங்க இருந்துட்டு வந்தா ஆம்பளைக்கு 20 கிராம், பொம்பளைக்கு 40 கிராம் நகைக்கு வரி இல்ல. அதுக்கு மேலன்னா சிவப்பு வழியில போய்ச் சொல்லிக் கட்டிடு. பச்சை வழியில நடக்கறப்ப அக்கம்பக்கம் திருதிருன்னு முழிக்காதே. உனக்குப் பிறவியிலேர்ந்தே திருட்டு முழி, அதுக்கு என்ன பண்றதுன்னு தெரியல.

பெட்டியில பேரும் ஊரும் பெயிண்ட்ல எழுதி, சிவப்புக் கயிறு கட்டு. சுத்தி வர்ற பெல்ட்டுல பாதிப் பெட்டி கறுப்பாத்தான் வரும். பட்டிக்காட்டான்னு எவனாச்சும் சிரிச்சா சிரிக்கட்டும், அவன் பெட்டியைத் தேடிக்கிட்டு நிக்கறப்ப நீ வெளியில டீ குடிச்சுக்கிட்டு இருப்பே.

சரி, எழுந்திரு. அந்தப் பரண்ல ஒரு டப்பா இருக்கு, எடு. உங்க அத்தைக்கு வெங்காய வடகம். செட்டிகுளத்துச் சின்ன வெங்காயம், ரெண்டு கிலோவுக்குக் கிட்ட இருக்கும். ஏண்டா முறைக்கிறே? நான் என்ன வேத்தாளா? திறந்து பாரு, கொட்டிப் பாரு, மோந்து பாரு. கசகசா ஒரு மணி இருந்தா என் பேரை மாத்திக்கறேன்... இரு, இரு, அந்த டப்பா இல்ல, அது அப்பாயியோட பொயிலை டப்பா.