பேரிகை கொட்டி விற்கிறார்கள்!

பெரியப்பா பதில்கள் – இந்த வாரம்: டாக்டருக்கு ஒரு சாப்ட்வேர்

கே: கிளினிக் திறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் நாலு இ.எம்.ஆர். (மின்னணு மருத்துவப் பதிவு) கம்பெனிக்காரர்கள் வந்துவிட்டார்கள். எதை வாங்குவது?
– புது டாக்டர், பேரிகை

ப: ஊர்ப் பெயரே பேரிகை. கொட்டுகிறவர்கள் தேடி வரத்தானே செய்வார்கள்! வந்தவருக்கு வெளியே ஒரு டீ சொல்லிவிட்டு, மவுஸை உங்கள் கம்பவுண்டர் கையில் கொடுங்கள். மூன்று நோயாளிகளை அவர் தனியாகப் பதிந்து, மருந்துச் சீட்டு அச்சடித்து, பில்லும் போடட்டும். டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டால் வாங்கலாம். முடியாவிட்டால் டீயோடு போகட்டும்.

கே: டெமோவில் குதிரையாய்ப் பறந்தது, வாங்கிய பிறகு நத்தையாய் ஊர்கிறதே?
– பல் டாக்டர், பாகலூர்

ப: டெமோவில் இருந்தது ஒரே ஒரு நோயாளி. பெயர் ‘டெஸ்ட்’, வயது 99, நோய் எதுவும் கிடையாது. பெண் பார்க்கப் போன அன்று பஜ்ஜி மொறுமொறுவென்றுதான் இருக்கும். வாங்கி இரண்டு வருஷம் ஆன டாக்டர் ஒருவரின் நம்பரைக் கேளுங்கள். “அனுப்புகிறேன் சார்” என்று சொல்லிவிட்டு அனுப்பாவிட்டால், அதுவே பதில்.

கே: அச்சடித்த சீட்டு வந்தால் எங்கள் பிழைப்பு சுலபமாகுமா?
– மருந்துக்கடைக்காரர், சூளகிரி

ப: மருந்தின் பொதுப்பெயரைப் புரியும்படி, கூடுமானவரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுங்கள் என்று மருத்துவக் கவுன்சில் 2016-லேயே விதியைத் திருத்திவிட்டது. கம்ப்யூட்டர் வந்தால் கிறுக்கல் ஒழியும், வாஸ்தவம். ஆனால் டாக்டரின் விரல் பட்டியலில் ஒரு வரி நழுவினால், தப்பும் முத்து முத்தாக அச்சாகி வரும். இதுவரை புரியாததால் கேட்டீர்கள். இனிமேல் புரிந்தாலும் கேளுங்கள்.

கே: ஒரு கம்பெனி முழுக்க இலவசம் என்கிறது. எடுத்துக்கொள்ளலாமா?
– குழந்தை டாக்டர், ஓசூர்

ப: அமெரிக்காவில் ‘பிராக்டிஸ் ஃப்யூஷன்’ என்ற கம்பெனியும் டாக்டர்களுக்கு இலவசமாகத்தான் கொடுத்தது. பிறகு ஒரு மருந்துக் கம்பெனியிடம் காசு வாங்கிக்கொண்டு, ஓபியாய்டு வலி மருந்தின் பக்கம் டாக்டரைத் தள்ளும் அறிவிப்பைத் திரையில் ஓடவிட்டது. 2020 ஜனவரியில் 14.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டது. நம்மூர் மெடிக்கல் ரெப்பாவது பெஞ்சில் காத்திருப்பார். இந்த ரெப் திரைக்குள்ளேயே குடியிருந்தார்!

கே: அப்படியானால் இலவசம் எல்லாமே மோசடியா?
– சந்தேகக்காரர், கெலமங்கலம்

ப: எல்லாம் இல்லை. சத்தீஸ்கரின் கனியாரி கிராமத்து ஆஸ்பத்திரிக்காக உருவான ‘பாஹ்ம்னி’ திறந்த மூல மென்பொருள். யாரும் எடுத்து ஓட்டலாம், லைசென்ஸ் காசு கிடையாது. ஆனால் கோயில் யானை போலத்தான்: யானை தானமாக வரும், பாகனுக்குச் சம்பளம் நீங்கள் தரவேண்டும்.

கே: ஒரே தடவை விலை கொடுத்து வாங்குவதா, மாதச் சந்தாவா?
– எலும்பு டாக்டர், கிருஷ்ணகிரி

ப: மாடு வாங்கினால் தீவனச் செலவு உங்களுடையது. பால் வாங்கினால் பால்காரர் லீவு போடும் நாள் உங்களுடையது. எதுவானாலும் ஆண்டுப் பராமரிப்பு, எஸ்.எம்.எஸ்., இரண்டாவது கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று வருஷக் கணக்கை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்ன விலைக்கு ஆயுள் ஒரு டீ.

கே: பெங்களூரு கம்பெனிதான் ஒசத்தியாமே?
– ஸ்கேன் சென்டர்காரர், ஓசூர்

ப: கிளினிக் சாப்ட்வேர் விற்கும் பிராக்டோ 2008-ல் பிறந்தது அங்கேதான், மறுக்கவில்லை. பெங்களூரு நமக்கு 40 கிலோமீட்டர்தானே என்று மகிழாதீர்கள். திங்கட்கிழமை ஓ.பி. கூட்டத்தில் சாப்ட்வேர் மக்கர் பண்ணும்போது, எத்தனையாவது மணிக்குப் போன் எடுக்கிறார்கள் என்பதுதான் தூரம்.

கே: எங்கள் நோயாளிகளில் பாதிப் பேர் தெலுங்கு, கால்வாசி கன்னடம். சாப்ட்வேர் தாங்குமா?
– குடும்ப டாக்டர், பேரிகை

ப: மாலூர்க்காரர் கன்னடத்தில் “ஹொட்டெ நோவு” என்பார். பக்கத்துத் தோட்டக்காரர் தெலுங்கில் “கடுப்பு நொப்பி” என்பார், உங்களுக்கோ அவர் கடுப்பில் இருப்பதாகத் தோன்றும். இரண்டும் வயிற்றுவலிதான். டாக்டர் எந்த மொழியில் பதிந்தாலும் சரி, மருந்து சாப்பிடும் முறை நோயாளியின் மொழியில் அச்சாக வேண்டும். ‘1-0-1’ என்று போட்டால் காலையும் இரவும் என்று உங்களுக்குத் தெரியும். பாட்டிக்கு அது நூற்றியொன்று: மொய்க் கணக்கு!

கே: கிராமத்தில் இதெல்லாம் நடக்கிற காரியமா?
– அவநம்பிக்கைவாதி, வேப்பனஹள்ளி

ப: 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டு வாசலில் உட்கார்ந்து பி.பி., சுகர் பார்த்து, செல்போனில் பதிகிறார்கள் நம்மூர்ப் பெண்கள். கர்ப்பத்தைப் பதிந்ததுமே கர்ப்பிணிக்கு 12 இலக்க எண் வந்துவிடுகிறது. குழந்தைக்குப் பெயர் தேடுவதற்கு முன்னாலேயே நம்பர்! கிராமம் எப்போதோ ரெடி. இன்னும் தட்டச்சுப் பழகாதவர் யார் என்று சொல்லி நான் பகை தேடிக்கொள்ள மாட்டேன்.

கே: ஆபா எண்ணால் எனக்கு என்ன லாபம்?
– சிப்காட் தொழிலாளி, ஓசூர்

ப: 2021 செப்டம்பரில் நாடு முழுக்க வந்த ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் தரும் 14 இலக்க எண் அது. பெங்களூரில் எடுத்த ஸ்கேன் முடிவு, நீங்கள் சம்மதித்தால் பேரிகை டாக்டர் திரையில் வரலாம். இரண்டு பக்கமும் அதில் இணைந்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. மாநில எல்லையான அத்திப்பள்ளியில் லாரி நிற்கட்டும், ரிப்போர்ட் ஏன் நிற்க வேண்டும்?

கே: கரண்ட் போனால், நெட் போனால்?
– கிளினிக் நர்ஸ், தேன்கனிக்கோட்டை

ப: கரண்டும் நெட்டும் மட்டுமா? 2022 நவம்பர் 23 அன்று டில்லி எய்ம்ஸ் சர்வரையே சைபர் தாக்குதல் சாய்த்தது. ஏறத்தாழ இரண்டு வாரம் பேனாவும் பேப்பரும்தான் ஆஸ்பத்திரியை ஓட்டின. “பேக்கப் இருக்கிறதா?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். எடுத்த பேக்கப்பைத் திரும்ப ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் டிராயரில் ஒரு கட்டு வெற்றுச் சீட்டும் இரண்டு பேனாவும் வையுங்கள். ஒன்று எழுதாது.

கே: டாக்டர் என் முகத்தையே பார்ப்பதில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே “சொல்லுங்க” என்கிறார்.
– நோயாளி, ஓசூர்

ப: ஜாதகம் பார்ப்பவர்கூடக் கட்டத்தைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்ப்பார். டாக்டர்களே, மானிட்டரைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள், நோயாளியும் பார்க்கட்டும். சுகர் ஏறிய கோட்டைத் தன் கண்ணால் பார்த்தவர், ஜிலேபிக்குக் கை நீட்டுமுன் ஒரு நொடி யோசிப்பார்.

கே: டாக்டர்கள் ஐந்து நிமிஷம்கூடத் தருவதில்லை. எப்படித்தான் விற்பது?
– சாப்ட்வேர் விற்பனையாளர், ஓசூர்

ப: அந்த ஐந்து நிமிஷத்தில் கிளவுட், ஏ.ஐ. என்று மேகமூட்டம் போட்டால் வேறென்ன ஆகும்? அவருக்கு வேண்டியது மூன்று: பழைய சீட்டு உடனே வரவேண்டும், வழக்கமான மருந்து இரண்டு தட்டில் விழவேண்டும், ராத்திரி கல்லாக் கணக்கு நேராக வேண்டும். அப்புறம், முதலில் டோக்கன் கொடுக்கும் பெண்ணுக்கு வணக்கம் சொல்லுங்கள். செக்கில் கையெழுத்து டாக்டருடையது, தீர்ப்பு அந்தம்மாவுடையது.

கே: பிடிக்காமல் வேறு சாப்ட்வேருக்கு மாறினால் பழைய ரெக்கார்டு என்னாகும்?
– நர்சிங் ஹோம் டாக்டர், கிருஷ்ணகிரி

ப: தாலி கட்டுவதற்கு முன்பே விவாகரத்தைப் பேச வேண்டிய ஒரே கல்யாணம் இது. மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிப்படி உள்நோயாளியின் பதிவை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்தில் தரவேண்டும். பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற முயலுங்கள் என்றும் அதே விதி சொல்கிறது. “கம்பெனி மூடிட்டாங்க” என்ற பதிலுக்கு மட்டும் அதில் இடமில்லை. உள்ளே போகிற வழியை எல்லோரும் காட்டுவார்கள். மொத்த டேட்டாவும் வெளியே வருகிற வழியைக் காட்டச் சொல்லுங்கள்.

கே: நீங்கள் பார்த்ததிலேயே சிறந்த இ.எம்.ஆர். எது பெரியப்பா?
– வம்பு வாசகர், பேரிகை

ப: போன வாரம் பேரிகை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஒரு பாட்டி மடியில் துணிக்கடைக் கட்டைப்பை. உள்ளே எக்ஸ்ரே, ஈ.சி.ஜி., மூன்று டாக்டர்களின் சீட்டு, மாத்திரை தீர்ந்த அட்டைகள். கரண்ட் வேண்டாம், சந்தா வேண்டாம், எந்த ஊர் டாக்டர் கேட்டாலும் திறக்கும். குறை இரண்டே: தேதி வரிசை கிடையாது, மழை வந்தால் நனையும்.

அந்த இரண்டு குறையைத் தீர்த்து, அந்த மூன்று நிறையையும் கெடுக்காத சாப்ட்வேர் வரட்டும். நானே பேரிகை கொட்டுகிறேன்!