சீனி அப்புக்காத்தர்

கொழும்புப் புதுக்கடையில் பகலில் நீதி கிடைக்கும், இரவில் கொத்து ரொட்டி கிடைக்கும். நீதிக்குத் தவணை உண்டு. கொத்துக்குப் பத்து நிமிடம். நீதிமன்றங்களும் சட்டக் கல்லூரியும் அடங்கிய பிறகு அப்துல் ஹமீத் தெருவில் அடுப்புகள் எழும்பும். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில், கக்கத்தில் கோப்போடு தேநீர்க் கடை வாசலில் நிற்பவர்தான் நம்முடைய அப்புக்காத்தர்.

உண்மையில் அவர் லிகிதர். கறுப்புக் கோட்டுப் போட்டதில்லை. போட்டவர்களின் கோப்புகளைச் சுமந்தவர். ஆயுளில் அவர் வாதாடியது ஒரே ஒரு கட்சிக்காரருக்காக: தன்னுடைய சீனி வருத்தத்துக்காக.

"நானா, ஒரு பிளேன்டீ. சீனி போடவே வேண்டாம்."

"சரி ஐயா."

"பக்கத்தில ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி வையுங்கோ. பெரிய துண்டா."

"டொக்டர் ஏசமாட்டாரா ஐயா?"

"டொக்டர் தடுத்தது சீனியை. சீனி பக்டரியில பிறந்தது. இது மரத்தில பிறந்தது. ஒருத்தன் செய்த குற்றத்துக்கு இன்னொருத்தனைப் பிடிக்கிறதோ?"

கருப்பட்டியும் பெரும்பாலும் சுக்ரோசுதான். இரத்தத்துக்குள் இறங்கிய பிறகு அங்கே பிறப்புச் சான்றிதழ் கேட்க ஆளில்லை. இது அப்புக்காத்தருக்குத் தெரியாததல்ல. எதிர்த்தரப்பின் வாதத்தை அவர் எழுப்புவதில்லை, அவ்வளவுதான்.

இவர் ஒருவர்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2005-06 காலத்து ஆய்வொன்றில், இருபது வயதுக்கு மேற்பட்ட இலங்கையரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. அதன் வாசலில் நிற்பவர்களையும் சேர்த்தால் ஐந்தில் ஒருவர். கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளிலும் வெள்ளவத்தைக் கலியாண மண்டபங்களிலும் ஆளுக்கொரு சட்டவிளக்கத்தோடு பல அப்புக்காத்தர்கள் உலாவுகிறார்கள். நம்மவர் அவர்களில் மூத்தவர்.

2016 இல் அரசாங்கம் மென்பானப் போத்தல்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் இட வைத்தது. அன்று தொடக்கம் அவர் மஞ்சளை மட்டுமே வாங்குகிறார். "மஞ்சள் எண்டால் நிற்கச் சொல்லி இல்லை, பார்த்துப் போகச் சொல்லித்தான்" என்பது விளக்கம். அந்த 2016 விதிப்படி 100 மில்லிலீட்டரில் 10 கிராம் சீனி இருந்தாலும் மஞ்சள்தான். 400 மில்லிலீட்டர் போத்தலென்றால் 40 கிராம், ஏறக்குறையப் பத்துத் தேக்கரண்டி. அவர் பார்த்துத்தான் போகிறார், போவது உள்ளே.

வீட்டில் கொத்தலாகிம்புட்டு மரத்தில் கடைந்த குவளை ஒன்றும் உண்டு. இரவில் தண்ணீர் ஊற்றி வைத்து விடியக் குடிப்பார். அந்த மூலிகையை இலங்கையிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள், ஓரளவு பலனும் தெரிந்திருக்கிறது. ஆனால் ஆய்வுக்கு வந்தவர்கள் அதைக் குடித்த தெம்பில் இரண்டு வட்டிலப்பம் சாப்பிட்டதாக எங்கும் பதிவில்லை.

குளிசை விஷயத்தில் அவரே நீதிபதி. கொத்துச் சாப்பிட்ட நாளில் மெட்ஃபோர்மின் ஒன்று கூட; வெள்ளிக்கிழமை விரதத்தில் ஒன்றுமே இல்லை. மெட்ஃபோர்மினின் முக்கிய வேலை, ஈரல் தன்பாட்டில் குளுக்கோசை வெளியே விடுவதைக் குறைப்பது. அதை நாள்தோறும் ஒழுங்காகப் போட்டால்தான் பலன். இரவு தின்னப்போகும் பலூடாவுக்கு மாலையிலேயே எடுத்துவைக்கும் முற்பிணை அல்ல அது.

இதே மனிதர் மற்றவர்களுக்குச் சொல்லும் புத்திமதி மட்டும் பவுண். புதிதாகச் சீனி பிடித்த இளம் சட்டத்தரணி ஒருவரை வராந்தாவில் மறித்து வைத்துச் சொன்னார்: "தம்பி, இரவில படுக்க முந்தி உள்ளங்காலைப் பாரும். சப்பாத்து கடிச்ச புண் நோகாது, அதுதான் ஆபத்து. வருசத்துக்கு ஒருக்கா கண்ணைக் காட்டும். சோத்தைக் குறைச்சு மரக்கறியைக் கூட்டும். குளிசையை நீராக நிப்பாட்டாதையும்." கிளினிக் தாதி சொன்னாலும் இதைவிடத் துப்புரவாகச் சொல்லியிருக்க மாட்டார். சொல்லி முடித்த கையோடு சட்டைப் பையிலிருந்து ஒரு பால் டொபி எடுத்து வாயில் போட்டார். "தொண்டை வறண்டு போச்சு."

கிளினிக் நாள் அவருக்கு வழக்கு நாள். மூன்று நாள் முன்னரே தயாரிப்புத் தொடங்கும்: குரக்கன் பிட்டு, பாவற்காய்ச் சம்பல், காலிமுகத்திடலில் நடை. வெறும் வயிற்றுச் சோதனையில் 118 வரும். அதைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் செருகிக்கொண்டு டொக்டர் முன் உட்காருவார்.

போன முறை டொக்டர் அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை. எச்.பி.ஏ.வண்.சி. அறிக்கையை எடுத்தார். செங்குருதிக் கலம் ஏறத்தாழ 120 நாள் வாழும். அவ்வளவு நாளும் ஓடிய சீனியில் ஒரு பங்கு அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சாட்சிக்கு மூன்று நாள் பாவற்காய் லஞ்சம் போதாது. ஏழுக்குக் கீழே இருக்கவேண்டிய இடத்தில் 9.1.

அப்புக்காத்தர் குறுக்கு விசாரணையில் இறங்கினார். "டொக்டர், இரத்தச்சோகை இருந்தால் இந்தக் கணக்குப் பிழைக்குமாம்."

"உண்மைதான் ஐயா. உங்கட ஹீமோகுளோபின் பதினாலு. இரத்தம் வலு திறம்."

"அப்ப ஒரு மூண்டு மாதத் தவணை தாங்கோ."

டொக்டர் தந்தார், நிபந்தனையோடு. வீட்டில் குளுக்கோமீற்றர் வாங்கவேண்டும். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் சோதிக்கவேண்டும். கருவி மனைவியின் பொறுப்பில் இருக்கவேண்டும். இதுதான் அவர் எதிர்பாராத இடம். மனிசிக்குச் சட்டம் தெரியாது. ஆகவே அவரிடம் எந்த வாதமும் எடுபடாது.

அடுத்த கிழமை ஒரு நாள் அப்புக்காத்தர் இரவு பத்து மணிக்கு வீடு வந்தார். கோப்பு முடியவில்லை, அதனால் கந்தோரிலேயே இரண்டு பாண் துண்டும் பருப்பும் என்று வாக்குமூலம். மனிசி ஒன்றும் பேசாமல் விரலைப் பிடித்துக் குத்தினார்.

287.

அப்புக்காத்தர் அசரவில்லை. நுட்பமான ஆட்சேபனை ஒன்று அவர் கைவசம் இருந்தது. மருத்துவரீதியாக முற்றிலும் சரியானதும்கூட. "விரலில இனிப்புப் பட்டிருந்தால் மீற்றர் கூட்டித்தான் காட்டும். பலூடா ஒட்டியிருக்கும், சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டுப் பாரும்."

மனிசி சவுக்காரம் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்து, வேறு விரலில் குத்தினார்.

291.

மேன்முறையீட்டில் தண்டனை கூடுவதை அப்புக்காத்தர் புதுக்கடையில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறார். மனிசி மீற்றரை உறைக்குள் வைத்து மூடினார். பிறகுதான் முதலாவது கேள்வியைக் கேட்டார்.

"அது கிடக்கட்டும். எந்தப் பலூடா?"