ஆச்சியின் விசாரணைக் கமிஷன்

மனிதனுக்கு எந்த வயதில் புத்தி வரும் என்பதில் அரசாங்கங்களுக்குள் ஒற்றுமை இல்லை. 13 வயது ஆகாத பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோர் சம்மதமில்லாமல் இணையத்தில் வாங்கக் கூடாது என்று அமெரிக்கா 1998-இல் சட்டம் போட்டது. சமூக வலைதளங்கள் அந்த 13-ஐயே வாசற்படியாக வைத்துக்கொண்டன. ஆஸ்திரேலியா 2025 டிசம்பரிலிருந்து 16 என்கிறது. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கோ 18 வரை எல்லோரும் குழந்தைதான். பாளையங்கோட்டை வீட்டுத் திண்ணையில் இதையெல்லாம் நான் விளக்கி முடித்ததும் அம்மா கேட்டாள்: “ஒனக்கு எப்பம்ல வரும்?”

விளக்கத்துக்குக் காரணம், மகள் 13-ஐத் தாண்டி இன்ஸ்டாகிராம் கேட்டதுதான். ஆச்சி போடும் கோலங்களை வீடியோ எடுத்துப் போட வேண்டுமாம். பதின்வயதினருக்கென்று தனிக் கணக்கு 2024-இல் வந்துவிட்டது. அனுமதி பெற்றவர்தான் பதிவுகளைப் பார்க்கலாம், முன்பின் தெரியாதவர் செய்தி அனுப்ப முடியாது, இரவு பத்து மணியானால் அறிவிப்புகள் தூங்கப் போய்விடும். 16 வயதுக்குள் இதில் எதையும் தளர்த்தப் பெற்றோர் சம்மதம் வேண்டும். பூட்டு திருப்தியாக இருந்தது. ஆனால் கதவைத் தட்டுகிறவனுக்குத் திறக்கலாமா என்று பூட்டு சொல்லாதே!

அந்தப் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டாள். தொடர்வதற்கு அனுமதி கேட்டு வருகிற ஒவ்வொரு கோரிக்கையும் அவளுக்கு வீடு தேடி வந்த வரன். “யாரு வீட்டுப் பிள்ளை? எந்த ஊரு? நம்மாளுக யாருக்காவது தெரியுமா?” கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஆரம்பித்துவிடுவாள். பல கணக்குகளில் ‘இந்தக் கணக்கைப் பற்றி’ என்று ஒரு பக்கம் உண்டு. தொடங்கிய மாதம், எந்த நாடு, இதுவரை எத்தனை தடவை பெயர் மாற்றியிருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். மகள் அதைக் காட்டியதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. “ஜாதகத்தை இதுலயே வச்சிருக்கான்! இதை மொதல்ல சொல்ல வேண்டாமாட்டி?”

போன மாதம் பிறந்து, அதற்குள் நாலு பெயர் மாற்றிய ஒரு ‘பள்ளித் தோழி’ முதல் சுற்றிலேயே கழிந்தாள். “ஒன் போட்டோ ஒண்ணு அனுப்பேன், வீட்ல சொல்லாத” என்று ஒரு கணக்கு மகளின் தோழிக்கு எழுதியிருந்தது. “வீட்ல சொல்லாதன்னு சொல்லுதவன் சொன்னதை மொதல்ல வீட்லதான் சொல்லணும்” என்று தீர்ப்பு வந்தது. தோழி சொன்னாள். வீட்டில் யாரும் போனைப் பிடுங்கவில்லை, திட்டவில்லை. திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, புகார் செய்து, பிளாக் செய்தார்கள். மிரட்டல் என்று போனால் சைபர் குற்ற உதவிக்கு 1930, குழந்தைகளுக்கு 1098 என்று அம்மா காலண்டர் அட்டையில், பால்காரர் எண்ணுக்கு மேலே, எழுதி வைத்தாள். பால்காரருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பிள்ளை மறைக்காமல் சொல்வதற்கு வீட்டில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் சொன்னதும் கூச்சல் போடக் கூடாது. இவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. கோல வீடியோ ஒவ்வொன்றும் வெளியே போகுமுன் ஆச்சியும் பேத்தியும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். வாசல் கதவு எண் தெரிந்தால் வெட்டு. பள்ளிச் சீருடை தெரிந்தால் வெட்டு. புள்ளி தப்பினால் மட்டும் மறுபடி முதலிலிருந்து கோலம்.

இப்படியிருக்கையில் என் அண்ணன், தம்பி மகள் பரிசு வாங்கிய பெருமை தாங்காமல், பெயர், வகுப்பு, பள்ளி எல்லாம் பளிச்சென்று தெரியும் சான்றிதழைத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். மகள் தயங்கிக்கொண்டே ஆச்சியிடம் காட்டினாள்.

“அழிக்கச் சொல்லு. மாட்டேன்னான்னா, நான் பெத்த தலைச்சன்னு பாக்காதட்டி. பிளாக் பண்ணு.”